பிற்சேர்க்கை ஆறு

காற்றுத்தர வாரியத்தின் ஆண்டறிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்கிற ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு அது பிழைப்பு. வாரியத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிற அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்று வைப்பாள். 'ர' வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதை எழுப்பிவிட்டு 'ற'வை உட்காரவைப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலையில் சேராது. அப்படிப் பார்த்தால் வேலை ஓடாது என்று முதல் நாளே முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த வருட அறிக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பிற்சேர்க்கை ஆறு தொடங்கியது. அதில் 'நினைவுத்திரன்' என்று பதினோரு இடத்தில் தப்பாக இருந்தது. பதினோரு இடத்திலும் 'திறன்' என்று திருத்தினாள். பன்னிரண்டாவது இடத்தில் எழுத்து சரியாக இருந்தது. திருத்த ஒன்றுமில்லாததால் வாக்கியத்தைப் படித்துவிட்டாள்.

யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டு பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளை ஒரு வருடம் தொடர்ந்து சோதித்திருந்தார். ஒரு பள்ளி மரங்கள் இருக்கிற அமைதியான தெருவில். இன்னொன்று நான்கு பெருஞ்சாலைகள் கூடுகிற சந்திப்பில். எதிரே பெட்ரோல் நிலையம், வாசலிலேயே பேருந்து நிறுத்தம். திரையில் எண்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இதற்கு இரண்டு எண் முன்னால் எது வந்தது என்று கேட்டிருக்கிறார். வருடத் தொடக்கத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சமம். வருடக் கடைசியில் அமைதித் தெருப் பிள்ளைகள் முன்னேறியிருந்ததில் பாதிதான் சந்திப்புப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். வீட்டு வசதி, பெற்றோர் படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாயிற்று, மிஞ்சி நிற்பது வாகனப் புகைதான் என்று அவர் முடித்திருந்தார்.

ஊரில் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே, வாசலில் பேருந்து நிறுத்தத்தோடு இருந்தது ஒரே பள்ளிக்கூடம். அவள் மகள் அங்கே நான்காம் வகுப்பு படித்தாள்.

மகளுக்கு வீட்டில் கடகடா என்று பெயர். ஐந்து வயதில் தெருவில் போகிற வண்டிகளின் எண்களைப் பார்த்த மாத்திரத்தில் கடகடவென்று ஒப்பிப்பாள். பத்து வண்டி போனால் பத்தையும் வரிசையாகச் சொல்லுவாள். இப்போது ஒன்பது வயது. கடைக்குப் போய் சோப்பு, நூல், பேனா வாங்கிவா என்றால் சோப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். பேச்சும் குறைந்துபோயிருந்தது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டில் இத்தனை நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன் ஓட்டினார். பிற்சேர்க்கையைப் பற்றி அவள் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அப்புறம் சொன்னார். "அந்த சிக்னல்ல நான் ஒரு நாளைக்கு எட்டு தடவை நிக்கறேன். அதுல என் வண்டிப் புகையும்தான் இருக்கு. என்ன பண்ணச் சொல்ற, தள்ளிக்கிட்டுப் போகவா?" பிறகு மகள் எங்கே என்று கேட்டார். தூங்கிவிட்டாள் என்றாள். நல்லது என்றார்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து மெய்ப்பு திரும்பி வந்தது. பிற்சேர்க்கை ஆறின் எட்டுப் பக்கங்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதியிருந்தது. அதிலும் 'க்' விட்டுப்போய் 'நீகுக' என்றுதான் இருந்தது. அவள் பழக்கதோஷத்தில் அதைத் திருத்திவிட்டு முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. அவர்கள் எழுதுகிறார்கள், அவர்களே வெட்டுகிறார்கள், நமக்கு ஒற்றெழுத்து மட்டும் போதும் என்றார்.

அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள்.

வாரியக் கட்டடத்தில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வெளிக்காற்று உள்ளே வந்துவிடாதபடி ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். அறைக்கு அறை காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் ஒரு பெரிய மின்பலகை கட்டடத்துக்குள் இருக்கிற காற்றின் தரத்தைக் காட்டியது: 'மிக நன்று'. வெளியே இருக்கிற காற்றைக் காட்டும் பலகை எங்கே என்று அவள் கேட்டாள். அதற்குப் போதிய இடம் இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்.

முதல் மாடியில் தனிநபர் புகார்ப் பிரிவு. அங்கிருந்த குமாஸ்தா அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஆராய்ச்சி என்றால் சராசரி, சராசரி என்றால் மூன்றாம் மாடி என்றார். மூன்றாம் மாடியில் புள்ளிவிவரப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி, இந்தச் சராசரியில் உங்கள் மகள் யார் என்று கேட்டார். பெயர் போடவில்லை என்றாள். "சராசரிக்கு முகம் கிடையாதும்மா. ஒரு குழந்தைன்னு வந்துட்டா அது தனிநபர். முதல் மாடிக்குப் போங்க." முதல் மாடிக்காரர், ஒரு தனிக் குழந்தைக்குப் புகையால்தான் இப்படி ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, நானூறு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று மறுபடி மேலே அனுப்பினார். இரண்டு பேரும் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மூன்று தடவை ஏறி இறங்கினாள். லிப்ட் இருந்தது, நிபுணர்களுக்கு மட்டும்.

மூன்றாவது தடவை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து முதல் மாடிக் குமாஸ்தாவுக்கே மனம் இளகிவிட்டது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் பெயர் முன்னறிவுச் சான்றிதழ். பாதிப்பு வருவதற்கு முன்னால் குழந்தைக்கு எவ்வளவு அறிவு இருந்தது என்பதற்கு அத்தாட்சி. அதைக் கொண்டுவந்தால், இப்போது இருப்பதை அதிலிருந்து கழித்துப் பார்த்து மேல்நடவடிக்கை எடுக்கலாம்.

"இதை எங்க வாங்கணும்?" என்று கேட்டாள்.

"எங்க வேணா வாங்கலாம்மா. ஆனா பாதிப்பு வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும். நிறைய பேர் இதை அலட்சியமா விட்டுடறாங்க."

அவள் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாக வந்த உறுப்பினர் செயலர் அதைப் பார்த்தார். வாரியத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவர் அவர்தான். தலைவர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் அவர் வாழ்த்துச் செய்தி எழுதுவதோடு சரி. செயலர் மரியாதை தெரிந்தவர். அச்சகத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றதும் அச்சுப்பிழை விஷயம் என்று நினைத்துத் தன் அறைக்கே கூட்டிப்போய் நாற்காலி கொடுத்தார். மகளைப் பற்றிச் சொன்னபோதும் முகம் மாறவில்லை.

"நானும் ஒரு தகப்பன்தாம்மா," என்றார். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் மலைமேல விடுதிப் பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்க. அங்க காத்து அவ்வளவு சுத்தம். அதனாலதான் இந்தப் பிரச்சினையை என்னால உணர்ச்சிவசப்படாம பார்க்க முடியுது. அந்த ஆராய்ச்சியில அறிவு குறையுதுன்னு எங்கயும் சொல்லல. வளர்றது மெதுவா வளருதுன்னுதான் சொல்லியிருக்கு. மெதுவா வளர்றது ஒரு குத்தமா? மரம்கூட மெதுவாத்தான் வளருது. நீங்க இன்னொன்னையும் யோசிக்கணும். வண்டி நின்னா அன்னிக்கே ஊர் முழுக்கத் தெரிஞ்சு போயிடும். பிள்ளைங்க கொஞ்சம் நின்னா இருபது வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது. நிர்வாகம்னா எது முதல்ல தெரியுமோ அதைத்தானே முதல்ல கவனிக்க முடியும்?"

அப்படியானால் அதை ஏன் அறிக்கையிலிருந்து வெட்டினீர்கள் என்று அவள் கேட்டாள். படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று செயலர் சொன்னார். ஆனாலும் ஒரு தாய் வந்து கேட்டுவிட்டதால் உடனே விசாரணைக் குழு போடுகிறேன் என்று அவள் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

குழு ஒரு புதன்கிழமை பள்ளிக்கு வந்தது. ஏழு உறுப்பினர்கள், பதினொரு கார்கள். உறுப்பினர்கள் திரும்ப ஏறும்போது உள்ளே குளுமையாக இருக்க வேண்டும் என்பதால் ஓட்டுநர்கள் எஞ்சினை அணைக்கவில்லை. வரவேற்பதற்காக முந்நூறு பிள்ளைகளும் வேலியோரமாக, கார்களுக்குப் பக்கத்தில், இரண்டரை மணிநேரம் வரிசையில் நின்றார்கள். பெற்றோர் சார்பில் அவளையும் கூப்பிட்டிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

காற்றை அளக்கக் கருவி கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் வைத்ததும் அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டுப் பழுதாகிவிட்டது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். இன்னொரு கருவி வந்தது. அதுவும் பழுது. மூன்றாவதைத் தலைமையாசிரியையின் அறைக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஏ.சி. போட்டார்கள். அது நன்றாக வேலை செய்தது.

பிறகு குழுத் தலைவர் நான்காம் வகுப்புக்குள் போய், புகை உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கிவிட்டு, எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள். கால் நிமிடம் காத்திருந்த தலைவர், 'மாணவர்கள் புகார் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

குழுவின் அறிக்கை விரைவாகவே வந்தது. சாலையையோ பேருந்து நிறுத்தத்தையோ நகர்த்துவது நடைமுறைக்கு ஒத்துவராது, பள்ளியை நகர்த்துவது செலவு, ஆகவே பாடத்தை நகர்த்தலாம் என்று அது சொன்னது. அப்படித்தான் 'சாலையோரப் பாடத்திட்டம்' பிறந்தது. கேள்வி எதுவும் ஐந்து வார்த்தைக்கு மேல் இருக்கக் கூடாது. முடிவைப் படிக்கும்போது பிள்ளைக்கு ஆரம்பம் மறந்துபோகிறது என்பதால். வகுத்தல் கணக்கை உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிவைத்தார்கள். 'மேலே படித்த பத்தியிலிருந்து' என்று தொடங்கும் கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

பருவத் தேர்வில் பள்ளி முழுவதும் தேறியது. வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். ஒரு மாதத்தில் அது கறுத்துப்போனது, வேறு கட்டினார்கள். முதலில் அவள் பக்கம் பேசிய தலைமையாசிரியைகூட, நல்லது நடக்கும்போது குறுக்கே நிற்காதீங்க என்று சொல்லிவிட்டார். மற்ற தாய்மார்களுக்கு அவள்மேல் கோபம். அவர்கள் பிள்ளைகள் முதல்தடவையாகத் தொண்ணூறு வாங்கியிருந்தார்கள்.

கடகடா தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். விடைத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். 'ஆறு பழம். இரண்டு போனது. மீதி?' என்று ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் ஆறு வட்டம் போட்டு இரண்டை அடித்து, நான்கு என்று சரியாக எழுதியிருந்தாள். நான்காம் வகுப்பு. அவள் மகளைக் கட்டிக்கொண்டு, கெட்டிக்காரி என்றாள்.

அமைதித் தெருப் பள்ளியில் இடம் கேட்டுப் போனாள். அங்கே அன்பாகத்தான் பேசினார்கள். நுழைவுத் தேர்வு வைத்தார்கள். சாலையோரப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஈடுகொடுக்க முடியாது, உங்கள் மகளுக்குத்தான் மனக்கஷ்டம் என்று விடைத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தனை நாளும் ஆண்டறிக்கை அச்சாகவில்லை. தலைவரின் வாழ்த்துச் செய்திக்காகக் காத்திருந்தது. செய்தி வந்ததும் இறுதி மெய்ப்பு அவள் மேஜைக்கு வந்தது. வாழ்த்துச் செய்தியில், இன்றைய குழந்தைகளே நாளைய அறிவுச் செல்வம் என்று இருந்தது. பிழை இல்லை.

அவள் தொழிலில் ஒரு குறி உண்டு. வெட்டியதை மறுபடி சேர்க்க வேண்டுமானால், வெட்டிய வரிக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினால் போதும். அவள் சிவப்புக் கோடு போட்ட பழைய எட்டுப் பக்கங்களையும் இறுதி மெய்ப்போடு சேர்த்து, எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தாள். அவசரப்படவில்லை. ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி, பொருளடக்கத்திலும் பிற்சேர்க்கை ஆறைச் சேர்த்துவிட்டாள். முதலாளி எப்போதும்போலப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாயிரம் பிரதிகள் அச்சாகின. வெளியீட்டு விழாவில் பிரமுகர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், எல்லாத் துறை அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள், நூலகங்களில் வைத்தார்கள். அவள் தன் சிவப்புப் பேனாக்களையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அச்சகத்தில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டாள். வேலை போகும், வழக்குப் போடுவார்கள், ஆனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. பத்திரிகை ஒன்றுக்கு அவளே போன் செய்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள் என்றாள். புத்தகம் எங்கேயோ இருக்கிறது, தேடிப் பார்க்கிறோம் என்றார்கள்.

இரண்டாவது மாதம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பிழையற்ற அச்சாக்கத்துக்கும் உறுதியான புத்தகக் கட்டுக்கும் வாரியம் பாராட்டுத் தெரிவித்திருந்தது.

மறுவாரம் பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வாரியத்துக்கே போனாள். மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, செயலரின் மேஜையில் புத்தகத்தை விரித்துவைத்தாள்.

அவர் படித்தார். முதல் தடவையாகத்தான் முழுதாகப் படித்தார் என்பது தெரிந்தது. எட்டாவது பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து வெளியீட்டுத் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். அப்புறம் அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப நாம இதை வெளியிட்டிருக்கோம்," என்றார்.

"நான்தான் போட்டேன். நீங்க வெட்டினதை."

"புரியுதும்மா. அதனாலதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுது. இதை நாங்க மறைச்சுட்டோம்னு என்னிக்காவது ஒரு நாள் யாராவது கிளம்புவாங்களேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்ல. அச்சுல இருக்கு, நூலகத்துல இருக்கு. அறிக்கையில இருக்கற எதுக்கும் நடவடிக்கை வேணும்னா வெளியான அறுபது நாளுக்குள்ள எழுதிக் கேட்கணும். அது போன திங்கக்கிழமையோட முடிஞ்சுது. ஊர்ல ஒருத்தரும் கேட்கல. ஒருத்தரும் கேட்கலன்னா என்ன அர்த்தம்? எல்லாரும் படிச்சுப் பார்த்து ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டாள். திருத்துவதற்கு அந்த வாக்கியங்களில் எங்கேயும் பிழை இல்லை.

செயலர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடகடாவைப் பார்த்ததும் குனிந்து கன்னத்தைத் தட்டினார். பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல அடக்கமான பிள்ளை," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு கதவுகளையும் தாண்டி அவர்கள் வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போக அந்தச் சந்திப்பைக் கடக்க வேண்டும். சிக்னல் விழுவதற்காக நின்றார்கள். நாலு பக்கமும் லாரிகளும் பேருந்துகளும் உறுமிக்கொண்டு நின்றன. மகள் அவள் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, அந்த மாமா என்ன கேட்டாரு?"

"பெரியவளானா என்ன ஆகப் போறேன்னு கேட்டாரும்மா."

கடகடா யோசித்தாள். ஏதோ ஒன்று வந்துவிட்டது போல அவள் முகம் நிமிர்ந்தது. அதற்குள் சிக்னல் மாறியது. பின்னால் நின்ற பேருந்து புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நடைபாதையில் ஏறியதும் மகள் மறுபடி இழுத்தாள்.

"என்ன கேட்டாரும்மா?"

அவள் குனிந்து, வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடியும் சொன்னாள்.